பினாங்கின் கடைத்தெரு

துறைமுகப் பட்டினம் ஒன்றின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் முதலிற் கோட்டையைப் பற்றி எழுதுவர். அடுத்துத் தேசாதிபதிகளின் பெயர்களையும் அவர்கள் வந்துபோன ஆண்டுகளையும் நிரலே தருவர். கடைத்தெருவுக்கு அவர்கள் ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு பந்தியே. ஆனாற் கோட்டை கட்டியவர்கள் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், கோட்டையும் காட்சிப்பொருளாயிற்று. கடைத்தெருவோ இன்றுங் காலையிற் கதவு திறக்கின்றது. மலாக்கா நீரிணையின் வடவாயிலிலே, பினாங்கு என்னுந் தீவிலே, ஜோர்ஜ் ரவுண் என்னும் பட்டினத்திலே அத்தகைய சிறுவீதி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனை மாக்கெற் ஸ்ரீற் என்றனர். மலாய் மக்கள் லெபூ பாசார் என்பர். தமிழர் வேறு அடைமொழி யாதுமின்றிக் கடைத்தெரு என்றே வழங்கி வந்தனர். சென்ற விடுமுறையிற் சர்வகலாசாலை மாணவர் சிலர் ஒன்றுகூடி அங்குச் சென்று நான்கு நாள் தங்கினோம். கண்டவற்றையும், சென்று வந்தபின் நூலகத்திற் படித்தவற்றையும் சேர்த்து இம்மலர் வாசகர்க்குத் தருகின்றோம்.

பினாங்கு நமக்குப் புதிய பெயரன்று. யாழ்ப்பாணத்திலே ‘மலாயன் பென்சனியர்’ என்ற சொல்லை அறியாத கிராமம் ஒருகாலத்தில் இருந்ததில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்குச் சற்று முன்னும், மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்ற எமது பாட்டன்மார் புகையிரதப் பகுதியிலும் கச்சேரிகளிலும் இலிகிதராகவும் நில அளவையாளராகவும் மலாயாவுக்குக் கப்பலேறினர். அவர்களுட் பலர் முதன்முதற் கண்ட மலாயாக் கரை பினாங்கே. அவர்கள் கோலாலம்பூருக்கும் தைப்பிங்குக்கும் சிரம்பானுக்கும் போய்விட்டனர். பினாங்கின் கடைத்தெரு அவர்கள் கட்டியதன்று. அதனைக் கட்டியவர் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வேறு தமிழர். இவ்வேறுபாட்டை மறந்து, கடல் கடந்த தமிழன் யாவனும் ஒரே கப்பலிற் போனவன் என்று பேசுவது நம்மவர் மேடைகளிலே வழக்கமாகிவிட்டது.

பட்டினத்தின் பிறப்பைப் பார்ப்போம். பாடசாலையிற் படித்த சரித்திரத்தில் பிரான்சிஸ் லைற் என்பவர் வெறுந் தீவொன்றைக் கண்டுபிடித்துப் பட்டினமாக்கிய வீரராகவே எமக்கு அறிமுகமானார். உண்மை அத்துணை அழகியதன்று. தீவு கெடா நாட்டுச் சுல்தானுக்கு உரியது. சீயம் தன்மேற் பாயுமென்று அஞ்சிய சுல்தான் அப்துல்லா, படைத்துணை கிடைக்குமென்ற நம்பிக்கையிலேயே தீவைக் கொடுக்க உடன்பட்டார். லைற் 1786 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11 ஆந் திகதி கொடியேற்றி, அதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயருமிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியாரோ படைத்துணை தருவதற்கு இல்லையென்று கையை விரித்தனர். 1791 இற் சுல்தான் தீவை மீட்க முயன்று தோற்றார். அதன்பின் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டொலர் என்று பேசி முடித்தனர். சுல்தான் அஞ்சியது 1821 இல் நடந்தது. சீயத்தார் கெடாவின்மேற் படையெடுத்தனர். அப்போதிருந்த சுல்தான் தப்பியோடி வந்து புகுந்த இடமும் இப்பினாங்கே. தன் முன்னோர் கொடுத்த தீவிலே அகதியாய் வந்து நின்ற அரசனைப் பற்றி நாம் படித்த பாடப்புத்தகத்தில் ஒரு வரியுமில்லை.

காட்டை வெட்டுவிக்க லைற் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டினுட் சுட்டார் என்றும், காசுபொறுக்கப் புகுந்தவர்கள் மரங்களை வெட்டித் தள்ளினர் என்றும் ஒரு கதையுண்டு. எம்மை அழைத்துச் சென்ற வழிகாட்டி அதனை மிகவுஞ் சுவையாகச் சொன்னார். கதை மெய்யோ பொய்யோ, கூலி கொடுத்த கணக்கைக் காட்டிலும் காசெறிந்த கதையே நிலைத்து நின்றது என்பது கவனிக்கத்தக்கது.

லைற் வகுத்த பட்டினம் ஒரு சதுரப்பலகை போன்றது. வடக்கே லைற் வீதி, கிழக்கே கடலோரமாகப் பீச் வீதி, மேற்கே பிட் வீதி, தெற்கே அந்நாளில் மலபார் வீதி என்று பெயர்பெற்றுப் பின்பு சூலியா வீதியான வீதி. இந்நான்கின் நடுவே, கடலிலிருந்து உட்புறமாக ஓடுவனவற்றுள் ஒன்று நமது மாக்கெற் வீதி. பினாங்கு வீதி, கிங் வீதி, குயின் வீதி என்பன குறுக்கே அதனை வெட்டிச் செல்லும். பத்து நிமிடத்தில் ஒருமுனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடலாம். கடைகளைப் பார்க்காமல் நடக்க வல்லவராயின்.

பீச் வீதியிலே நின்று கடலைத் தேடினோம். கடற்கரை வீதி என்று பெயர் இருக்கின்றது, கடலில்லை. 1880 களிலே கடலைத் தூர்த்து வெல்ட் துறை என்னும் புதுக்கரையை அமைத்தபோது பழைய கரை உள்ளே போய்விட்டது. முன்னர்ப் பண்டசாலைகளின் பின்வாசலிற் படகு வந்து நின்றது. இப்போது அங்கே மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. தூர்த்த நிலத்தின்மேல் நீண்ட வீதித்துண்டுகளுக்கு ‘காற்’ என்று பெயர். மாக்கெற் ஸ்ரீற் காற், சைனா ஸ்ரீற் காற், சூலியா ஸ்ரீற் காற் என்றவாறு. மலாய்ப் பெயர்ப்பலகையிலும் அச்சொல் அப்படியே நிற்கின்றது. இது காசியிலும் கல்கத்தாவிலும் படித்துறைக்கு வழங்குஞ் சொல்லேயன்றி வேறில்லை. படிகள் மண்ணுக்குட் போய் நூறாண்டு கடந்தும் பெயர் மேலே நிற்கின்றது.

இனி, அங்குக் குடியேறினோரைப் பார்ப்போம். லைற் 1794 இல் இறந்தார். அவ்வாண்டு அவர் எழுதியனுப்பிய குறிப்பிலே, சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து வந்த சூலியர் ஏறக்குறைய ஆயிரவர் தீவில் உள்ளனரென்றும், அவர்கள் கடைகாரரும் கூலியாட்களுமாவரென்றும், இவர்களையன்றி ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 வரையான ஆடவர் கப்பல்களில் வந்து, உழைத்துச் சில டொலர் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, வேறு சிலர் அவ்விடத்துக்கு வருவர் என்றும் கூறுகின்றார். இக்குறிப்பை நாம் பெரிதும் மதிக்கின்றோம். வந்து நிலைத்தவரை மட்டுமன்றி வந்து திரும்பினவரையும் அது எண்ணியிருக்கின்றது.

சூலியர் என்போர் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். நாகூர், காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து துணி கொண்டுவந்து, பாக்கும் மிளகும் கொண்டு மீண்டவர்கள். அவர்தம் தலைவரான காதர் மொகிதீன் கப்பித்தான் என்னும் பட்டம் பெற்றவர். 1801 இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலாலே பிட் வீதி தன் பழம்பெயரையே இழந்து அவர் பெயரை ஏற்றுக்கொண்டது. (கெலிங் என்ற சொல் கலிங்கத்தின் திரிபு. அக்காலத்தில் அது பட்டமாயிருந்தது. இக்காலத்தில் ஒருவரை அவ்வாறு அழைப்பது வசையாகும்.) சூலியா வீதியிலே நாகூர் ஆண்டவர் பேரால் ஒரு தர்காவும் அக்காலத்திலேயே எழுந்தது. குயின் வீதி மாரியம்மன் கோயில் 1833 இல் அமைந்தது. பினாங்கின் இந்துக் கோயில்களுள் முதியது இதுவே. இதே பிட் வீதியிற் சீனரின் கருணைத்தேவி கோயிலும், அதன் வடமுனையிற் சென் ஜோர்ஜ் ஆங்கிலிக்கன் தேவாலயமும் உள. அவ்வாலயம் 1818 இற் கட்டப்பட்டது. அதன் வெண்தூண்களைப் பார்த்து வியந்து நின்ற எமக்கு, அவற்றை எழுப்பியவர் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் என்று அறிந்தபோது வியப்பு வேறொன்றாக மாறிற்று. அத்தீவின் தெருக்களையும் பாலங்களையும் பல பத்தாண்டுகளாக அமைத்தவரும் அத்தகையோரே. கப்பித்தானுக்கு வீதிப்பெயர் உண்டு; கைதிக்கு இல்லை.

கடைத்தெருவுக்குக் கையிருப்புப் பணம் எங்கிருந்து வந்தது? குறுக்கே செல்லும் பினாங்கு வீதிக்குத் திரும்பினால் விடை கிடைக்கும். அங்கே நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட ஒரு மண்டபம். இருபுறமும் வரிசையாகத் தாழ்ந்த மேசைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனி வியாபாரம். அதன் பின்னே பாய்விரித்துச் சம்மணமிட்டு அமர்ந்த மேலாள், அவருக்கு அடுத்தாள், ஓடியாடிச் சேவகஞ் செய்யப் பெட்டியடிப் பையன். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் தவணைக்கணக்கிற் கடல்கடந்து வந்து, தவணை முடிந்தபின் கணக்கொப்புவித்து மீள்வார். வங்கிக்காரத் துரையிடம் உள்ளே நுழையவும் இயலாத சீனத் தோட்டக்காரனும் மலாய் விவசாயியும் தமிழ்க் கடைகாரனும் இப்பெட்டிகளின் முன்னேதான் கடன் பெற்றனர். வட்டியை நாம் புகழவில்லை. வட்டியால் நிலமிழந்தவரும் உண்டு. ஆயினும் அப்பணமின்றி அக்கடைகளிற் பாதி திறந்திரா.

இதனைக் கொழும்பு வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. எமது செட்டியார் தெருவிலும் அதே கிட்டங்கி, அதே பெட்டி, அதே கணக்கு. கடை வைத்த தெருவிலே முருகனையும் வைத்து, ஆண்டுக்கொருமுறை தேரிலேற்றி ஊரின் மறுகோடிக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதும் அதேதான். இங்கே ஆடிவேல் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் செல்லும். அங்கே தைப்பூசத்தில் வெள்ளித்தேர் பினாங்கு வீதிக் கோயில்வீட்டிலிருந்து புறப்பட்டு, 1857 இல் நகரத்தார் கட்டிய தண்ணீர்மலைத் தண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும். அத்தேர் காரைக்குடியிற் செய்யப்பெற்று 1894 இற் கப்பலில் வந்தது.

கடைத்தெருவினுள் இப்போது நுழைவோம். பூமாலைக் கடையின் மல்லிகை மணமும், அதற்கு எதிரே மிளகாய் அரைபடும் நெடியும் முதலில் எதிர்கொள்ளும். பின்னர்ப் பித்தளைக் குத்துவிளக்கு, வளையல், சேலை, எவர்சில்வர்ப் பாத்திரம், பலசரக்கு மூடைகள். இவற்றின்மேல் ஒவ்வொரு கடையும் தன் சினிமாப்பாட்டை அயற்கடையின் பாட்டுக்கு மேலாகக் கேட்கச் செய்ய முயல்கின்றது; இதில் மட்டும் கடைகாரரிடையே ஒற்றுமையில்லை. கட்டடங்கள் யாவும் முகங்குறுகி உள்நீண்டவை. கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒளியுங் காற்றும் மழைநீரும் இறங்கும் முற்றம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் முற்றத்தை ஒடுக்கி நீட்டினாற்போல் இருக்கின்றது. முகப்பிலே ஐந்தடி அகலத் தாழ்வாரம் கடைக்குக் கடை தொடர்ந்து செல்வதால் வெயிலும் மழையும் படாமல் நடக்கலாம். மலாய் மொழியில் அதற்குக் ‘காக்கி லீமா’, அதாவது ஐந்தடி, என்றே பெயர். சிங்கப்பூருக்கு 1822 இல் றாபிள்ஸ் வகுத்த விதி இத்தகைய தாழ்வாரத்தைக் கட்டாயமாக்கிற்று. பின்னர் நீரிணைப் பட்டினங்கள் அனைத்திலும் அது பரவிற்று. பொதுமக்கள் நடப்பதற்கென்று விட்ட ஐந்தடியிலே கடைகாரர் அரிசிமூடையை அடுக்குவதும், நகரசபையார் வந்து எடுக்கச் சொல்வதும் அன்றுதொட்டு இன்றுவரை நடக்கும் வழக்கு.

மலாய்ப் பெண்மணி ஒருவர் வளையற்கடையில் விலைபேசுவதைக் கேட்டு நின்றோம். மொழி தெரியாவிட்டாலும் இடையிடையே சில சொற்கள் தெரிந்தனபோல் இருந்தன. பின்னர்க் கேட்டறிந்தோம். கடைக்கு மலாயில் கெடாய். பெட்டிக்குப் பெத்தி. கப்பலுக்குக் கப்பால். கிடங்குக்குக் கூடாங். வியாபாரத்தில் இடும் முதலுக்கு மொடால். எம் முன்னோர் அந்நாட்டுக்குக் கொண்டுசென்ற காப்பியங்களின் சொற்கள் எத்தனை அங்கே நிலைத்தனவோ அறியோம். கடைக்குரிய சொற்கள் நிலைத்துவிட்டன. கடாரங் கொண்டான் என்று இராசேந்திரசோழன் 1025 ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி மார்தட்டுவோர் இச்சொற்களையுஞ் சற்று எண்ணிப்பார்க்கலாம். படை வந்து போயிற்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஈழத்து உணவும் காழகத்துப் பொருளும் ஒருங்கே வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கின்றது. அக்காழகத்தைக் கடாரமென்று கொள்வாரும் உளர். அது படைக்கு ஆயிரம் ஆண்டளவு முந்திய செய்தி.

பசித்தபோது நாசி கண்டார் உண்டோம். ‘கண்டார்’ என்பது தோளிற் சுமக்குங் காவுதடி. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவுதடியின் ஒருமுனையிற் சோறும் மறுமுனையிற் கறியுமாகத் தூக்கிச்சென்று துறைமுகத் தொழிலாளர்க்கு விற்ற உணவு அது. தொழிலாளரும் காவுதடியும் போய், இப்போது குளிரூட்டிய அறையிலே உண்ணுகின்றார்கள். பலவகைக் கறிகளின் குழம்பையும் ஒன்றன்மேலொன்றாக ஊற்றுவதே அதன் சிறப்பு. எம்முள் ஒருவர் சைவர். அவர் பக்கத்துக் கடையிற் தோசையுண்டு எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இக்கடைத்தெருவின் சரித்திரத்தில் இலங்கைத் தமிழர் ஒருவர் பெயர் வருவதை நாம் பெருமைக்காக அன்றி, நேர்மைக்காகவே சொல்ல வேண்டும். 1941 ஆம் ஆண்டு டிசெம்பர் 11 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ் ரவுணின்மேற் குண்டு பொழிந்தன. யாருடைய விமானமென்று பார்க்கத் தெருவுக்கு வந்த சனங்கள் தெருவிலேயே மாண்டனர். சில நாளில், ஆளவந்தோர் ஐரோப்பியரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டனர். போகின்றோம் என்று மற்றையோர்க்குச் சொல்லவுமில்லை. காப்பாரற்ற ஊரிற் கொள்ளை தொடங்கிற்று, குண்டுவீச்சும் நிற்கவில்லை. அப்போது ‘ஸ்றெயிற்ஸ் எக்கோ’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவர் மாணிக்கசோதி சரவணமுத்து. கொழும்பின் முதல் மேயரான இரத்தினசோதி சரவணமுத்துவின் சகோதரர். அவர் கோட்டைக்குச் சென்று பிரித்தானியக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடியை ஏற்றினார். வானொலி நிலையத்திலிருந்து, ஊரிற் படையில்லை, குண்டு போடவேண்டாம் என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். பல இனத்தாரையுஞ் சேர்த்த சேவைக் குழுவொன்று ஊரைக் காத்தது. 19 ஆந் திகதி ஜப்பானியர் புகுந்தனர். பின்னர் அவரைச் சிறையிலும் அடைத்தனர். லைற் ஏற்றிய கொடியைப் பற்றி எழுதும் புத்தகங்கள் பல. இறக்கியவரைப் பற்றி எழுதுவோர் சிலரே.

யுத்தத்துக்குப் பின்னும் கடைத்தெருவைத் தாங்கிநின்றவை மூன்று. தீர்வையில்லாத் துறைமுகம் என்ற நிலை ஒன்று. அது 1969 இல் நீக்கப்பட்டது. மலிவுப்பொருள் வாங்கப் பெருநிலத்திலிருந்து வந்த கூட்டம் குறைந்தது. நாகபட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய கப்பல் மற்றொன்று. 1926 இற் கட்டிய ‘ரஜூலா’ என்னும் கப்பலைப் பற்றி அங்குள்ள முதியோர் வீட்டுப்பசுவைப் பற்றிப் பேசுவதுபோற் பேசுகின்றனர். அது 1973 இல் ஓய்ந்தது. பின்வந்த ‘சிதம்பரம்’ 1985 இற் கடலிலே தீப்பற்றியதோடு கப்பற்போக்குவரத்தே முடிந்தது. சேலைக்கட்டோடு ஏறிவந்து, விற்றுவிட்டுப் போகும் சிறுவியாபாரி அத்துடன் மறைந்தான்.

மூன்றாவது, வாடகைக் கட்டுப்பாடு. யுத்தத்துக்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்தாது காத்த 1966 ஆம் ஆண்டுச் சட்டம் 1997 இல் நீக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியுடன் முற்றாக ஒழிந்தது. மூன்று தலைமுறையாக மளிகைக் கடை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் இதைப்பற்றிக் கேட்டோம். “சிலோனா தம்பி?” என்று விசாரித்துத் தேநீர் வரவழைத்தபின் சொன்னார்: “சட்டம் இருந்தப்போ வீட்டுக்காரர் முகத்தையே நாங்க பார்த்ததில்ல. இப்ப மாசம் முதல் தேதி கடை திறக்குறதுக்கு முன்னாடி நிக்கிறாரு.” மகன்மார் கடையைப் பொறுப்பேற்பார்களா ஐயா என்றோம். “பெரியவன் பாயான் லெப்பாஸ்ல எஞ்சினியர். அவன் எதுக்குத் தம்பி கடைக்கு வரணும்?” என்றார். அவர் குரலில் வருத்தமும் பெருமையும் ஒருங்கே இருந்தன. தோட்டத்தை விட்டு மலாயாவுக்கு இலிகிதராய்ப் போன மகனைப் பற்றி எம்மூர்ப் பெரியவர்களும் இவ்வாறே பேசியிருப்பர். ஆகவே, கடைகள் மூடுவதற்கு வாடகை மட்டுமே காரணமென்று நாம் சொல்லத் துணியோம்.

2008 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆந் திகதி மலாக்காவுடன் ஜோர்ஜ் ரவுணும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அதன்பின் ஓடும் சுவரும் சாளரமும் சட்டத்தின் காவலிலுள்ளன. ஓடொன்றை மாற்றவும் அனுமதி வேண்டும். ஓட்டின் கீழிருந்த குடும்பம் வெளியேறி விடுதியொன்று வருவதைத் தடுக்கும் சட்டம் அவ்வளவு வலிமையுடையதன்று. பழைய கடைவீடுகள் பல உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகவும் கோப்பிக் கடைகளாகவும் மாறியிருப்பதைக் கண்டோம். அவற்றின் சுவர்களிலே பழைய கூலியாட்களின் படங்கள் சட்டமிட்டுத் தொங்குகின்றன. அங்கே ஒரு கோப்பியின் விலையைச் சொன்னால் வாசகர் நம்பார். கடைத்தெருவுக்குள் இம்மாற்றம் இன்னும் மெல்லவே வருகின்றது. காரணம், மாலையும் மஞ்சளும் நல்லெண்ணெயும் வாங்குவோர் நாள்தோறும் அங்கே வருகின்றனர். வாங்குவோர் இருக்கும்வரை விற்போரும் எப்படியோ வாடகையைக் கட்டிவிடுகின்றனர்.

1981 இல் யாழ்ப்பாணத்திலும் 1983 இற் கொழும்பிலும் கடைகள் தீக்கிரையான நாட்டிலிருந்து சென்ற எமக்கு, தமிழ்ப் பெயர்ப்பலகையோடு இருநூறாண்டுக்கு மேல் ஒரு தெரு எரியாமல் நிற்பதே முதற்காட்சியிற் போதுமானதாயிருந்தது. நான்கு நாள் தங்கியபின்னரே, எரியாமலும் ஒரு தெரு கைமாறலாம் என்பது விளங்கிற்று.

நாம் சென்றது தைப்பூசக் காலமன்று. ஆயினும் மளிகைக் கடைப் பெரியவர் தேரைப் பற்றிச் சொல்லாமல் விடவில்லை. 2017 முதல் தேர்கள் இரண்டு. வெள்ளித்தேர் பினாங்கு வீதியிலிருந்து புறப்படும். தங்கத்தேர் குயின் வீதி மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும். எது முந்துவது என்பதில் ஊரார்க்கு அபிப்பிராய பேதமுண்டாம். தேர் வரும் வழியிலே ஆயிரக்கணக்கில் தேங்காய்களை மலைபோற் குவித்துவைத்து உடைப்பவர்களுட் பெருந்தொகையினர் சீனக் கடைகாரர். போன ஆண்டு வியாபாரம் நன்றாய் நடந்ததற்கு இந்த ஆண்டு தேங்காய். வீதி முழுவதும் வெள்ளமாய் ஓடும் இளநீரைத் தாண்டித் தேர் நகர்ந்தபின், சிதறிய ஓடுகளை அள்ள மண்வாரி வண்டிகள் வரிசையாகக் காத்துநிற்கும்.